தந்தைவழி உரிமை: சோல்பரிப் பிரபுவும் அவர் குடும்பமும்

ஹெர்வால்ட் ராம்ஸ்பொதம் 1887 மார்ச் 6இல் பிறந்தார். இலங்கையில் இந்தப் பெயரை அறிந்தவர் மிகச் சிலர். சோல்பரிப் பிரபு என்றால் பாடசாலை மாணவருக்கும் தெரியும். சுதந்திர இலங்கையின் முதல் அரசியல் யாப்பு அவர் பெயரால் வழங்குகிறது. 1949 முதல் 1954 வரை அவரே நாட்டின் மகாதேசாதிபதி. கந்தப்பளை, நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள் வாக்குரிமை இழந்ததும் அந்த ஐந்தாண்டுக்குள்தான். ஆகவே அவருடைய வாழ்வும் அவர் குடும்பத்தின் கதையும் மலையக வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை.

ராம்ஸ்பொதம் அப்பிங்ஹாம் பாடசாலையிலும் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் படித்தார். முதலாம் உலகப் போரில் பணியாற்றி இராணுவச் சிலுவைப் பதக்கம் பெற்றார். 1929இல் கன்சர்வேடிவ் கட்சியின் சார்பில் லங்காஸ்டர் தொகுதியிலிருந்து பொதுமக்கள் சபைக்குத் தெரிவானார். 1936 முதல் 1939 வரை ஓய்வூதிய அமைச்சர், அதன்பின் பொது வேலைகளுக்குப் பொறுப்பான அமைச்சர், 1940இல் கல்விச் சபையின் தலைவர் எனப் படிப்படியாக உயர்ந்தார். 1941இல் அமைச்சுப் பதவி முடிந்ததும் பாரன் பட்டம் கிடைத்தது. பக்கிங்ஹாம் மாவட்டத்திலுள்ள சோல்பரி என்ற ஊரின் பெயரைப் பட்டத்தோடு சேர்த்துக்கொண்டார். மகாதேசாதிபதிப் பதவியிலிருந்து இறங்கிய 1954 ஜூலையில் அந்தப் பட்டம் வைகவுண்ட் நிலைக்கு உயர்த்தப்பட்டது.

ஆங்கிலேயப் பிரபுத்துவத்தில் ஐந்து படிகள் உண்டு. டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன் என்பது மேலிருந்து கீழான வரிசை. பரம்பரைப் பட்டத்தை முடியரசு ஒரு பத்திரத்தின் மூலம் வழங்குகிறது. பட்டம் யாரிடமிருந்து யாருக்குப் போகும் என்பதை அந்தப் பத்திரமே சொல்லிவிடும். பெரும்பாலான பட்டங்கள் முறையான திருமணத்தில் பிறந்த ஆண் வாரிசுகளுக்கே உரியவை. தந்தைக்குப் பின் மூத்த மகன். அவருக்கு ஆண் பிள்ளை இல்லையென்றால் அடுத்த சகோதரன். பிறகு அவருடைய மகன். உரிமை கோருபவர் தன் பிறப்பையும் தன் பெற்றோரின் திருமணத்தையும் பதிவேட்டைக் கொண்டு நிறுவினால் போதும். அவர் எந்த நாட்டில் வசிக்கிறார், எந்த மதத்தைப் பின்பற்றுகிறார், என்ன தொழில் செய்கிறார் என்ற கேள்விகள் எழுவதில்லை. 1999 வரை இப்பட்டத்தோடு பிரபுக்கள் சபையில் அமர்ந்து நாட்டின் சட்டங்களுக்கு வாக்களிக்கும் உரிமையும் சேர்ந்தே வந்தது. பிறப்பால் மட்டுமே கிடைத்த அரசியல் உரிமை அது.

இலங்கையின் இரண்டு யாப்புகள் இத்தகைய பிரபுக்களின் பெயரைத் தாங்கியவை. 1931இல் நடைமுறைக்கு வந்த யாப்புக்குப் பெயர் தந்த டொனமூர், ஏர்ல் வரிசையில் ஆறாமவர். அவருடைய ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைப் பரிந்துரைத்தது. ஆனால் சட்டம் உருவானபோது தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் வசிப்பிடச் சான்று, நிரந்தரக் குடியேற்றப் பத்திரம், கல்வி அல்லது சொத்துத் தகைமை என்று நிபந்தனைகள் வந்து சேர்ந்தன. மற்றவர்களுக்கு வயது வந்தாலே போதுமானதாக இருந்த உரிமையைத் தோட்ட மக்கள் பத்திரம் காட்டித்தான் பெற வேண்டியிருந்தது. பின்னாளில் நடந்தவற்றின் தொடக்கம் இங்கே இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில், 1944 டிசம்பரில் சோல்பரி ஆணைக்குழு இலங்கை வந்தது. தலைவரோடு சேர்த்து மூன்று பேர். ஜே. எஃப். ரீஸ் கல்வியாளர். பிரெடரிக் பரோஸ் புகையிரத ஊழியராக வேலை செய்து தொழிற்சங்கத் தலைவரானவர். பின்னர் வங்காளத்தின் கடைசி ஆங்கிலேய ஆளுநராகவும் இருந்தார். 1945 ஏப்ரல் வரை அவர்கள் நாட்டில் தங்கிச் சாட்சியங்களைக் கேட்டனர். ஜீ. ஜீ. பொன்னம்பலம் ஐம்பதுக்கு ஐம்பது என்ற சமபல பிரதிநிதித்துவக் கோரிக்கையை முன்வைத்தது இந்த ஆணைக்குழுவின் முன்தான். இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோட்ட மக்களின் வாக்குரிமைக்காக வாதிட்டது.

ஆணைக்குழு சமபல பிரதிநிதித்துவத்தை ஏற்கவில்லை. சிறுபான்மையினரைப் பாதுகாக்க வேறு ஏற்பாடுகள் செய்தது. பாராளுமன்றத்துக்குத் தெரிவுசெய்யப்பட்ட 95 உறுப்பினரும் நியமன உறுப்பினர் 6 பேரும் என்று வகுத்தது. ஒவ்வொரு 75,000 பேருக்கும் ஓர் ஆசனம். அதோடு, சனத்தொகை குறைந்த பகுதிகளுக்கும் உரிய இடம் கிடைக்க ஒவ்வோர் ஆயிரம் சதுர மைலுக்கும் ஓர் ஆசனம். இரண்டாவது சபையாக ஒரு செனட். மேன்முறையீட்டுக்கு இலண்டன் கோமறைக் கழகம். எல்லாவற்றுக்கும் மேலாக 29(2) ஆம் பிரிவு: ஒரு சமூகத்தவர் மீது மற்றவர்களுக்கு இல்லாத தடையைச் சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது.

ஆனால் இந்தக் கட்டமைப்பில் ஒரு கதவு திறந்தே கிடந்தது. குடிவரவு, இந்திய வம்சாவளியினரின் வாக்குரிமை ஆகிய இரண்டையும் தீர்மானிக்கும் பொறுப்பை ஆணைக்குழு இலங்கைச் சட்டசபையிடம் விட்டது. யார் பிரசை என்ற வரைவிலக்கணம் யாப்பில் இல்லை. அடிப்படை உரிமைகளைத் தனித்தனியே எண்ணிச் சொல்லும் அத்தியாயமும் இல்லை. 29(2) ஆம் பிரிவு கேடயம்தான். ஆனால் அந்தக் கேடயம் யாரைக் காக்க வேண்டும் என்பதை வரையறுக்கும் அதிகாரம், அது யாரைத் தடுக்க வைக்கப்பட்டதோ அவர்கள் கையிலேயே இருந்தது.

1947 பொதுத் தேர்தலில் நுவரெலியாத் தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமானும் தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும் வென்றனர். லயன் வீடுகளிலிருந்து இறங்கி வந்து வாக்களித்தவர்களின் வலிமை அன்று தெரிந்தது. தோட்டத் தொழிலாளர் வாக்கு இடதுசாரிகளுக்கும் பல தொகுதிகளில் உதவியது. மறு ஆண்டே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாக வேண்டுமானால் அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். சட்டம் எந்தச் சமூகத்தின் பெயரையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

பிரபுப் பட்டத்துக்கும் இந்தச் சட்டத்துக்கும் அடிப்படை விதி ஒன்றே. இரண்டும் தந்தைவழி வம்சத்தைக் கேட்கின்றன. இரண்டும் அதைப் பதிவேட்டில் கேட்கின்றன. ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறப்பு, திருமணம், இறப்பு அனைத்தும் தேவாலயப் பதிவிலும் அரசாங்கப் பதிவிலும் இருந்தன. தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் நிலைமை வேறு. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக் காலத்தில் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்து கங்காணியோடு நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். பெண்கள் தலைப்பிரசவத்துக்குக் கடல் கடந்து தாய்வீடு போவதுண்டு. அப்படிப் பிறந்த பிள்ளை கைக்குழந்தையாகவே திரும்பி வந்து, இங்கேயே வளர்ந்து, கவ்வாத்து வெட்டி, இங்கேயே மண்ணுக்குப் போனாலும் சட்டத்தின் கண்ணில் அவன் இலங்கையில் பிறந்தவனல்லன். அவனுடைய மகனுக்கும் அந்தக் குறை ஒட்டிக்கொண்டது. இங்கே பிறந்தவர்களிலும் பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. இருந்தவர்களுக்கும் துரையின் அலுவலகத்தில் ஒரு பெயர், பதிவுகாரரிடம் ஒரு பெயர்.

6,000 அடிக்கு மேல் கிடக்கும் கந்தப்பளையைச் சுற்றிக் கோர்ட்லோஜ், பார்க், எஸ்கடேல், கொங்கோடியா, ஹெதர்செட் என்று ஆங்கிலப் பெயர்களோடு தோட்டங்கள் இருக்கின்றன. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்குச் சென்ற சிறிய புகையிரதப் பாதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடப்பட்டு, சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் கைவிடப்பட்டது. இந்தக் குன்றுகளில் தேயிலையை நட்டவர்களின் வம்சம், சோல்பரி என்ற பட்டம் தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இங்கே வேரூன்றிவிட்டது. 1941இல் உருவாகிய பட்டத்துக்கு வாரிசு உரிமை ஐயமின்றி இருந்தது. மூன்று தலைமுறை ஒரே தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தவர்களுக்கோ ஊர் என்று சொல்ல நாடே இல்லாமல் போனது.

1949 ஜூலை 6இல் சோல்பரி மகாதேசாதிபதியாகப் பதவியேற்றார். அதே ஆண்டு ஓகஸ்டில் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. திருமணமானவர்களுக்கு 7 ஆண்டும் திருமணமாகாதவர்களுக்கு 10 ஆண்டும் இடைவிடாத வசிப்பை அது கேட்டது. அதையடுத்து 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்காளர் இடாப்பைப் பிரசைகளுக்கு மட்டும் உரியதாக்கியது. யாப்புமுறைப்படி மகாதேசாதிபதி அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும். மன்னரின் பெயரால் சட்டங்களுக்கு ஒப்புதல் அளிப்பதை அவர் மறுக்க முடியாது. எனினும் 29(2) ஆம் பிரிவைப் பரிந்துரைத்தவரே அந்தப் பிரிவின் பொருளைக் குறைத்த சட்டக் காலத்தில் அரச தலைமையில் இருந்தார் என்பது வரலாற்றில் பதிந்த உண்மை.

இந்தச் சட்டங்களை எதிர்த்த வழக்கு நீதிமன்றம் சென்றது. கேகாலைப் பகுதியைச் சேர்ந்த கோடகன் பிள்ளையின் பெயரை இடாப்பில் சேர்க்கும்படி திருத்த அலுவலர் சிவஞானசுந்தரம் தீர்ப்பளித்தார். உயர் நீதிமன்றம் 1951இல் அதை ரத்துச் செய்தது. 1953இல் கோமறைக் கழகமும் மேன்முறையீட்டைத் தள்ளியது. தன் பிரசைகள் யார் என்று வரையறுப்பது எந்த நாட்டுக்கும் உள்ள இயல்பான அதிகாரம், சட்டத்தின் சொற்களில் சமூகப் பாகுபாடு இல்லை, பதிவு மூலம் பிரசையாக வேறொரு சட்டம் வழி திறந்திருக்கிறது என்பவை முடிவுக்கு ஆதாரமாயின. அந்த வழியில் 1951 ஓகஸ்ட் முடிவுத் திகதிக்குள் ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பல ஆண்டு விசாரணைக்குப் பின் உரிமை கிடைத்தது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே. 1952 ஏப்ரலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் கொழும்பில் சத்தியாக்கிரகம் தொடங்கி நான்கு மாதங்களுக்கு மேல் நடத்தியது. அந்த ஆண்டுத் தேர்தலில் மலையகத்திலிருந்து அதன் பிரதிநிதி ஒருவரும் பாராளுமன்றம் போகவில்லை. ஆசனங்களைக் கணக்கிடுவதற்கு மட்டும் தோட்ட மக்களின் தலைகள் எண்ணப்பட்டன. வாக்கு அவர்களுக்கு இல்லை. நுவரெலியாவில் இருந்த குயின்ஸ் கொட்டேஜ் அன்று மகாதேசாதிபதியின் மலைநாட்டு வாசஸ்தலம். கந்தப்பளையின் லயன்களுக்கும் அதற்கும் சில மைல் தூரமே.

சோல்பரி 1911இல் டோரிஸ் வயலட் டி ஸ்டைனை மணந்தவர். மூத்த மகன் ஜேம்ஸ் ஹெர்வால்ட் 1915 மார்ச்சில் பிறந்தார். இளையவர் பீட்டர் எட்வர்ட் 1919 ஒக்டோபரில். இருவரும் ஈட்டனிலும் ஒக்ஸ்போர்டின் மக்டலன் கல்லூரியிலும் படித்தனர். ஆளும் வர்க்கத்துப் பிள்ளைகள் நடக்கும் வழமையான பாதை அது. அந்தப் பாதையில் பீட்டர் கடைசிவரை நடந்தார். ஜேம்ஸ் விலகினார்.

ஜேம்ஸ் 1949இல் மணம் புரிந்தார். மறு ஆண்டே மனைவி இறந்தார். தந்தை மகாதேசாதிபதியாக இருந்த காலத்தில் இலங்கை வந்த அவர் யாழ்ப்பாணம் கொழும்புத்துறையில் ஒரு குடிசையில் இருந்த யோகர் சுவாமிகளைச் சந்தித்தார். யோகர் 1872இல் பிறந்தவர். நீர்ப்பாசனத் துறையில் களஞ்சியப் பொறுப்பாளராக வேலை பார்த்து, நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமிகளிடம் ஆட்பட்டுத் துறவு பூண்டவர். சாதி, பதவி, நாடு என்ற பேதம் அவர் குடிசை வாசலில் நின்றுவிடும். மந்திரிமாரும் அங்கே பாயில்தான் உட்கார்ந்தார்கள். ஜெர்மன் சுவாமி என்று அழைக்கப்பட்ட கௌரிபாலாவைப் போல வெளிநாட்டவர் சிலரும் அவரை நாடி வந்தனர். மகாதேசாதிபதியின் மகனும் அவர்களில் ஒருவராகி, சாந்தசுவாமி என்ற பெயரோடு சைவத் துறவியாக வாழ்ந்தார்.

யோகர் 1964 மார்ச்சில் சமாதியடைந்த பின்னர் மட்டக்களப்பு மாவட்டத்துச் செங்கலடியில் உள்ள சிவதொண்டன் நிலையத்தோடு சாந்தசுவாமியின் வாழ்வு பிணைந்திருந்தது. பேராதனையில் தொடங்கி நுவரெலியா, வெலிமடை, பதுளை வழியாக இறங்கும் ஏ5 பெருந்தெரு செங்கலடியில்தான் முடிகிறது. தந்தையின் மலைநாட்டு வாசஸ்தலமும் மகனின் தவச்சாலையும் ஒரே தெருவின் மேலும் கீழுமாக அமைந்தன.

1971 ஜனவரி 30இல் முதலாம் வைகவுண்ட் காலமானார். சட்டப்படி சாந்தசுவாமி இரண்டாம் வைகவுண்ட் சோல்பரி ஆனார். அதற்காக அவர் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பட்டம் தானாகவே வந்தடைந்தது. 1971 முதல் 1999 வரை, பிரபுக்கள் சபைச் சட்டம் பரம்பரை உரிமையைப் பெரும்பாலும் நீக்கும்வரை, பிரித்தானியப் பாராளுமன்றத்தின் மேல்சபையில் ஓர் ஆசனத்துக்கு அந்தத் துறவிக்குப் பிறப்புரிமை இருந்தது. அதே 28 ஆண்டுகளில் மலையகத்தில் இலட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர் என்ற பெயரோடு இருந்தனர். துறந்தவரிடமிருந்தும் பிறப்புரிமை அகலவில்லை. கேட்டு நின்றவர்களுக்கு அது கிடைக்கவில்லை. வம்சத்தை மட்டுமே அளவுகோலாகக் கொண்ட உரிமையின் குறைபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு இலங்கை வரலாற்றில் அரிது.

சாந்தசுவாமிக்கு வாரிசு இல்லை. 2004 டிசம்பரில் 89ஆம் வயதில் அவர் இறந்தபோது பட்டம் தம்பி பீட்டருக்குச் சென்றது. பீட்டர் ராம்ஸ்பொதம் இராசதந்திரி. சைப்பிரஸில் உயர் ஸ்தானிகர், 1971 முதல் ஈரானில் தூதுவர், 1974 முதல் 1977 வரை அமெரிக்காவில் தூதுவர், பின்னர் பெர்முடாவின் ஆளுநர். அவர் 2010 ஏப்ரலில் காலமானார். நான்காம் வைகவுண்டான அவருடைய மகன் ஒலிவர் ராம்ஸ்பொதம் பிராட்போர்ட் பல்கலைக்கழகத்தில் பிணக்குத் தீர்வுத் துறைப் பேராசிரியராக இருந்தவர். சமகாலப் பிணக்குத் தீர்வு பற்றிப் பல்கலைக்கழகங்களில் பாடநூலாகப் பயிலப்படும் நூலின் ஆசிரியர்களில் ஒருவர். பாட்டனார் யாப்பு வகுத்த நாடு 26 ஆண்டுப் போருக்குள் மூழ்கியிருந்த காலத்தில், பேரன் சமூகங்கள் ஏன் மோதுகின்றன என்பதையே தன் ஆய்வுத் துறையாகக் கொண்டிருந்தார்.

முதலாம் சோல்பரியும் தன் வேலையை மீளாய்வு செய்தவர்தான். பி. எச். ஃபார்மர் என்ற புவியியலாளர் இலங்கையைப் பிளவுபட்ட தேசமாக விவரித்து 1963இல் எழுதிய நூலுக்கு அவர் முன்னுரை வழங்கினார். 1956, 1958 இனக் கலவரங்களுக்குப் பின் எழுதப்பட்ட அந்த முன்னுரையில், இந்தியா போன்ற நாடுகளின் யாப்புகளில் உள்ளதுபோல அடிப்படை உரிமைகளுக்கான உத்தரவாதத்தையும் ஆணைக்குழு பரிந்துரைத்திருக்க வேண்டும் என்று வெளிப்படையாக வருந்தினார். அதிகாரத்தில் இருந்தவர்கள் தம் பிழையை எழுத்தில் ஒப்புவது குறைவு. அந்த நேர்மைக்காக அவரை மதிக்க வேண்டும். ஆனால் மறு ஆண்டே, 1964 ஒக்டோபரில், சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதரை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று தொடக்கக் கணக்கு. மீதி ஒன்றரை இலட்சம் 1974இல் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டது. கந்தப்பளையிலும் இராகலையிலும் அயல் தோட்டங்களிலும் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. அந்த மக்களிடம் ஒருவரும் சம்மதம் கேட்கவில்லை.

1972இல் வந்த குடியரசு யாப்பு 29ஆம் பிரிவை நீக்கியது. அடிப்படை உரிமைகள் எழுதப்பட்டன. ஆனால் அவற்றில் முக்கியமானவை பிரசைகளுக்கே என்று எழுதப்பட்டன. 1978 யாப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சு, ஒன்றுகூடல், தொழில், நடமாட்டச் சுதந்திரங்களைப் பிரசைகளுக்கு உறுதிசெய்து, நாடற்றவர்களுக்கு அவற்றைப் பத்தாண்டுக் காலத்துக்கு மட்டும் தந்தது. 1977இல் தொண்டமான் நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து மீண்டும் மக்களால் தெரிவானார். 1988லும் 2003லும் இயற்றப்பட்ட சட்டங்கள் எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலையை முடித்தன. பறித்த உரிமையை முழுதாகத் திருப்பித் தர நாட்டுக்கு 55 ஆண்டு எடுத்தது. அதற்குள் அந்த உரிமைக்காகப் போராடிய தலைமுறை பெரும்பாலும் மறைந்துவிட்டது. வாக்குச் சீட்டு வந்தும் பலருக்குச் சொந்தக் காணிக்கான உறுதி இன்னும் வரவில்லை. பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் மாறியிருப்பதால் அலையும் முதியவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சோல்பரி குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பட்ட வரலாற்றைப் படிப்பதால் மலையக வாசகருக்குக் கிடைக்கும் பாடம் இதுதான். நல்ல நோக்கமுள்ளவர் வகுத்த யாப்பும், யார் யாருக்கு உரிமை என்ற முதற்கேள்வியை ஆளும் பெரும்பான்மையிடம் விட்டுவிட்டால், மற்ற எல்லாப் பாதுகாப்பும் அந்த ஒரு வாசல் வழியே வெளியேறிவிடும். இலங்கைக்குப் புதிய யாப்பு வேண்டும் என்ற பேச்சு ஒவ்வொரு தேர்தலிலும் எழுகிறது. அதை எழுத உட்காருபவர்கள் அடிப்படை உரிமைகளைப் பிரசைக்கு என்று எழுதாமல் மனிதருக்கு என்று எழுத வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் பத்திரத்தைக் கேட்காமலே பிரசாவுரிமை கிடைக்க வழி செய்ய வேண்டும். மலையகப் பிரதிநிதிகள் எந்த மேசைக்குப் போனாலும் முதலில் கேட்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.